தெரு யாருக்கு? டிராம் வண்டி சொல்லும் பாடம்

(மேலகரம் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

தோழர்களே! மில் தொழிலாளித் தோழர்களே! வயலில் பாடுபடும் தாய்மார்களே, சகோதரர்களே!

குற்றாலத்துச் சாரல் வந்து விழுகிற இந்த மேலகரத்திலே நின்றுகொண்டு, பட்டணத்து டிராம் வண்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "நாற்று நடுகிறவளுக்கும் நூல் இழுக்கிறவனுக்கும் டிராம் வண்டியினால் என்ன ஆகப்போகிறது? கூலியைப் பற்றிப் பேசுங்கள், வேலையைப் பற்றிப் பேசுங்கள்" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே போகிறோம்.

முதலாவது, நம் பிள்ளைகள். தென்காசி, கடையநல்லூர், சங்கரன்கோவில், ஆலங்குளம் என்று இந்த வட்டாரம் முழுவதிலுமிருந்து பிள்ளைகள் பொதிகை ரயிலேறிப் போகிறார்கள். தியாகராய நகர்க் கடைகளிலே துணி விரிக்கிறார்கள். கோயம்புத்தூர் லேத் பட்டறைகளிலே இரும்பு கடைகிறார்கள். வாங்குகிற சம்பளத்தில் அறை வாடகை போக, சோறு போக, மிச்சத்தில் ஒரு பங்கை பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் விழுங்குகின்றன. பணம் போனால் போகட்டும் என்றாலும், தினம் இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் தெருவிலே போய்விடுகிறதே, அதை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

இரண்டாவது, நம் பணம். பட்டணத்தில் எழும்புகிற மேம்பாலமும் பூமிக்கடியில் தோண்டுகிற சுரங்கமும் வானத்திலிருந்து விழுந்த காசில் நடக்கவில்லை. நீங்கள் வாங்குகிற சோப்பிலே, செருப்பிலே, தீப்பெட்டியிலே வரி இருக்கிறது. மேலகரத்துக் கூலிக்காரன் கொடுத்த வரியும் அந்தப் பாலத்துத் தூணிலே சிமெண்டாய் நிற்கிறது. ஆகவே கணக்குக் கேட்கிற உரிமை நமக்கு உண்டு.

மூன்றாவது, நம் தெரு. சீசன் வந்துவிட்டால் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே இருக்கிற இந்தச் சாலை என்ன பாடு படுகிறது என்பதை நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. பட்டணத்துத் தெருவின் வியாதியும் நம் தெருவின் வியாதியும் ஒன்றுதான்.

வாய்க்கால் கணக்கு

தோழர்களே! வாய்க்கால் பாசனம் தெரிந்தவர்கள் நீங்கள். தலைமடைக்காரன் மடையை அகலத் திறந்து வைத்துக்கொண்டால் கடைமடை காயும். அதனால்தான் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறோம். தண்ணீர் பொது, ஆகவே முறை வேண்டும்.

தெருவும் ஒரு வாய்க்கால்தான். அதில் ஓடுவது தண்ணீரல்ல, ஜனங்கள். பத்துப் பதினோரு அடி அகலமுள்ள ஒரு பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கார்களை மட்டும் விட்டால் ஒரு மணி நேரத்தில் 600 பேரிலிருந்து 1,600 பேர் வரைதான் போக முடியும் என்று போக்குவரத்து இன்ஜினீயர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அதே பாதையை பஸ்ஸுக்கோ டிராமுக்கோ தனியாக ஒதுக்கி, வேறு வண்டி குறுக்கே வராமல் காத்தால், மணிக்கு 10,000 பேரிலிருந்து 25,000 பேர் வரை போகலாம். வெறும் நடைபாதையாக விட்டால்கூட மணிக்கு எட்டாயிரம், ஒன்பதாயிரம் பேர் நடந்து போகலாம். அதாவது காலால் நடக்கிறவனுக்கு விட்டால் போகக்கூடிய கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காருக்கு விட்டால் போக முடியாது!

ஏன்? ஒரு கார் அடைத்துக்கொள்ளும் இடத்தைப் பாருங்கள். அதற்குள்ளே பெரும்பாலும் ஒருவர், மிஞ்சினால் இருவர். ஓடும்போது முன்னும் பின்னும் இடம் வேண்டும். நிற்கும்போதும் இடம் வேண்டும். எஜமானர் ஆபீசில் இருக்கிற எட்டு மணி நேரமும் அந்தக் கார் பொதுத் தெருவில் படுத்துக் கிடக்கும். அரையடி இடத்தில் கூடையை வைத்துப் பூ விற்கிற அம்மாளை "ஆக்கிரமிப்பு" என்று விரட்டுகிறார்கள். பதினைந்து அடி நீளத்துக் காரை யாரும் ஆக்கிரமிப்பு என்று சொல்வதில்லை. தலைமடை யார் கையில் இருக்கிறது என்று இதிலிருந்தே தெரியவில்லையா?

சென்னையில் ஓடிய டிராம்

இப்போது ஒரு பழைய கதை. கதையென்றால் கட்டுக்கதையல்ல, சரித்திரம்.

1895 மே 7ஆம் தேதி சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் அதுதான். லண்டன் மாநகரத்துத் தெருக்களில் மின்சார டிராம் ஒழுங்காக ஓடத் தொடங்கியதே 1901இல்தான். தெருவோடு தெருவாகப் பதித்த தண்டவாளம். அதன்மேல் ஒற்றைப் பெட்டி, இரட்டைப் பெட்டி வண்டி. துறைமுகத்துக் கூலியும், அச்சாபீஸ் தொழிலாளியும், குமாஸ்தாவும், பள்ளிக்கூடப் பிள்ளையும் சில்லறைக் காசு கொடுத்து ஏறிப் போனார்கள். 1921ஆம் வருஷத்தில் 24 கிலோமீட்டர் பாதையில் 97 வண்டிகள் ஓடின. மவுண்ட் ரோட்டிலே, பாரிமுனையிலே, பூந்தமல்லி நெடுஞ்சாலையிலே மணியடித்துக்கொண்டு போன வண்டி அது.

அந்த டிராம் யாருக்குச் சொந்தம்? ஒரு தனியார் கம்பெனிக்கு. லாபம் வருகிறவரை ஓட்டினார்கள். பஸ் போட்டி வந்தது, மோட்டார் கார் பெருகியது, தண்டவாளம் தேய்ந்தது. புதுத் தண்டவாளம் போடவும் புது வண்டி வாங்கவும் முதல் வேண்டும். முதல் போட மனம் இல்லை. "நஷ்டம்" என்று கம்பெனி கைவிரித்தது. 1953 ஏப்ரல் 12ஆம் தேதி சென்னையில் டிராம் நின்றது. அன்று மாகாணத்தில் ராஜாஜி மந்திரிசபை. சர்க்கார் எடுத்து நடத்தியிருக்கலாம், நடத்தவில்லை. ஓட்டுநர், கண்டக்டர், பட்டறைத் தொழிலாளி எல்லோர் பிழைப்பும் ஒரே நாளில் கேள்விக்குறியாயிற்று. தண்டவாளம் போன இடத்தில் மோட்டார் வந்து உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்துதான் மவுண்ட் ரோடு கார்க்காரர் ரோடாக மாறத் தொடங்கியது.

கல்கத்தாவின் காலணா

அதே 1953ஆம் வருஷம், மூன்று மாதம்கூட ஆகவில்லை, கல்கத்தாவிலே வேறொரு காட்சி.

அங்கே 1873இல் குதிரை இழுக்கிற டிராம் வந்தது. 1902இல் மின்சார டிராமாயிற்று. கம்பெனி வெள்ளைக்காரனுடையது. நாடு சுதந்திரமடைந்து ஆறு வருஷமாகியும் கம்பெனி மட்டும் அவனிடமே இருந்தது. 1953 ஜூலை 1 முதல் இரண்டாம் வகுப்புக் கட்டணத்தில் ஒரு பைசா உயர்வு என்று கம்பெனி அறிவித்தது. அந்தக் காலத்து ஒரு பைசா, நம் பாஷையில் காலணா. டாக்டர் பி.சி.ராய் சர்க்கார் அதற்குத் தலையாட்டியது.

"காலணாதானே!" என்றார்கள் கார் வைத்திருந்தவர்கள். ஆனால் போகக் காலணா, வரக் காலணா, மாதம் முழுவதும் போய் வந்தால் எத்தனை காலணா என்று தொழிலாளிக்குத் தெரியும். ஜனங்கள் பழைய கட்டணத்தை மட்டும் நீட்டினார்கள். கூடுதல் காசைக் கொடுக்க மறுத்தார்கள். கம்யூனிஸ்டுகளும் மற்ற இடதுசாரிக் கட்சிகளும் சேர்ந்து கட்டண உயர்வு எதிர்ப்புக் கமிட்டி அமைத்தார்கள். கைது வந்தது, தோழர் ஜோதி பாசு கைதானார். தடியடி வந்தது, துப்பாக்கி வந்தது. ஜனங்கள் பின்வாங்கவில்லை. கடைசியில் கட்டண உயர்வை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று.

ஒரே வருஷம், இரண்டு நகரங்கள். ஒன்றில் "நஷ்டம்" என்ற வார்த்தையோடு டிராம் செத்தது. மற்றொன்றில் ஜனங்கள் தங்கள் வண்டியென்று எண்ணிக் காலணாவுக்காகத் தெருவில் நின்றார்கள். கல்கத்தாவில் கம்பெனி நிர்வாகத்தை 1967இல் மாநில சர்க்கார் எடுத்துக்கொண்டது. 1976இல் அது முழுக்கப் பொதுச் சொத்தாயிற்று.

அப்படியானால் கல்கத்தாவில் எல்லாம் சுகமா? இல்லை. பொதுச் சொத்தானால் மட்டும் போதாது என்பதையும் கல்கத்தாதான் கற்றுக்கொடுக்கிறது. ஆட்சிகள் மாறின, தண்டவாளம் மட்டும் வருஷாவருஷம் சுருங்கியது. ஹௌரா பாலத்தின்மேல் 1993இல் டிராம் நின்றது. 2024 செப்டம்பரில் மேற்கு வங்காள சர்க்கார், மைதானத்திலிருந்து எஸ்பிளனேடு வரை ஒரு துண்டுப் பாதையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்தப்போவதாக அறிவித்தது. காரணம் என்ன சொன்னார்கள்? "டிராமினால் போக்குவரத்து நெரிசல்" என்றார்கள். கார் வந்து தண்டவாளத்தின்மேல் நிற்கும், டிராம் ஒதுங்கிப் போக முடியாமல் மணியடித்துக்கொண்டு காத்திருக்கும், குற்றம் டிராமின்மேல்! மடையை உடைத்தவனை விட்டுவிட்டுப் பயிரை வைத கதை இது.

தோழர்களே, இங்கேதான் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. டிராமுக்குத் தண்டவாளம் மட்டும் போதாது. தண்டவாளத்தின்மேல் உரிமையும் வேண்டும். பழைய டிராம் காரோடு ஒரே பாதையில் ஓடியது. அதனால் கார் பெருகியவுடன் டிராமின் வேகம் செத்தது. வேகம் செத்தவுடன் பிரயாணிகள் குறைந்தார்கள். பிரயாணிகள் குறைந்தவுடன் "நஷ்டம்" என்றார்கள். இன்று உலகத்தில் "லைட் ரயில்" என்று சொல்கிறார்களே, அது அதே டிராம்தான். வித்தியாசம் இரண்டே இரண்டு: அதற்குத் தனிப் பாதை உண்டு, வேறு வண்டி அதில் ஏறக்கூடாது, சந்திப்புக்கு அது வரும்போது சிக்னல் அதற்கே முதலில் திறக்கும். இந்த இரண்டும் இல்லாவிட்டால் எவ்வளவு பளபளப்பான வண்டி வாங்கினாலும் அது பழைய கதைதான்.

அமெரிக்காவில் நடந்தது

"காரும் பஸ்ஸும் நல்லவை, அதனால் டிராம் தானாகச் செத்தது" என்று சிலர் சொல்லுகிறார்கள். அமெரிக்காவைப் பார்ப்போம். அங்கே பல நகரங்களில் டிராம் கம்பெனிகளை 'நேஷனல் சிட்டி லைன்ஸ்' என்ற ஒரு ஸ்தாபனம் விலைக்கு வாங்கியது. அதற்குப் பணம் கொடுத்தவர்கள் யார்? மோட்டார் செய்கிற ஜெனரல் மோட்டார்ஸ், டயர் செய்கிற ஃபயர்ஸ்டோன், எண்ணெய் விற்கிற ஸ்டாண்டர்டு ஆயில் போன்றவர்கள். வாங்கிய இடங்களில் தண்டவாளம் போய் பஸ் வந்தது. பஸ்ஸும் டயரும் எண்ணெயும் தங்களிடமே வாங்க வேண்டுமென்று சதி செய்தார்கள் என்று 1949இல் சிகாகோ கோர்ட்டில் குற்றம் நிரூபணமாயிற்று. தண்டனை என்ன? கம்பெனிகளுக்கு ஆளுக்கு 5,000 டாலர் அபராதம். அதிகாரிகளுக்கு? ஒரு டாலர்! ஆமாம் தோழர்களே, ஒரே ஒரு டாலர்.

அமெரிக்காவில் டிராம் செத்ததற்கு அவர்கள் மட்டுமே காரணம் என்று சொன்னால் அது மிகையாகும். புறநகர் வீடும், சர்க்கார் போட்ட நெடுஞ்சாலையும், டிராம் கம்பெனிகளின் கடனும் சேர்ந்துதான் கொன்றன. ஆனால் சாகிறவன் கழுத்தில் கை வைத்தவர்கள் யார் என்பது கோர்ட் ஏட்டிலேயே இருக்கிறது.

கார்க் கூட்டத்தை விரட்டிய நகரம்

இனி, தெருவைத் திரும்பப் பிடித்த ஒரு நகரத்தின் கதை. பிரான்ஸ் தேசத்தில் ஸ்ட்ராஸ்பூர் என்று ஒரு நகரம். அதன் கடைவீதியின் நடுவிலே கிளேபர் சதுக்கம் என்று ஒரு பெரிய திடல். அதன் வழியே தினம் ஐம்பதாயிரம் கார்கள் போய்க்கொண்டிருந்தன. நடந்து போகிறவன் சுவரோரம் ஒட்டிக்கொண்டு போவான். புகை, இரைச்சல், நெரிசல்.

என்ன செய்வது என்று விவாதம் வந்தது. ஒரு கட்சி, பூமிக்கடியில் ரயில் விடு என்றது. மற்றொரு கட்சி, தெருவின்மேலேயே டிராம் விடு என்றது. 1989 நகரசபைத் தேர்தல் இந்தக் கேள்வியின்மேலேயே நடந்தது. டிராம் வேண்டுமென்ற காதரீன் துரோத்மன் என்ற சோஷலிஸ்டுப் பெண்மணி ஜெயித்து மேயரானார். கடைக்காரர்கள் பதறினார்கள். "கார் வராவிட்டால் வாடிக்கை வராது, கடையை மூட வேண்டியதுதான்" என்றார்கள். மேயர் அசையவில்லை. 1992இல் அந்தத் திடலின் ஊடே கார் போவது நிறுத்தப்பட்டது. 1994 நவம்பரில் டிராம் ஓடத் தொடங்கியது. கடைகள் மூடவில்லை. கார் நின்ற இடத்தில் மனிதர் நடந்தார்கள். நடக்கிற மனிதன்தான் கடைக்குள் நுழைகிறான். பிறகு மற்றப் பகுதிகளுக்கும் தண்டவாளத்தை நீட்டினார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பூமிக்கடியில் ரயில் விட்டால் என்ன ஆகியிருக்கும்? ஜனங்களைக் கீழே அனுப்பிவிட்டு, தெருவை முழுக்கக் காருக்கே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகியிருக்கும். தெருவின்மேல் தண்டவாளம் போட்டதால்தான் காரிடமிருந்து தெருவைப் பறிக்க முடிந்தது.

இதற்கெல்லாம் பணம் ஏது? அதையும் கேளுங்கள். பிரான்சில் 1971இல் பாரிசிலும், 1973 முதல் மற்ற நகரங்களிலும் ஒரு வரி உண்டாயிற்று. குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆள் வைத்து வேலை வாங்குகிற முதலாளி, கொடுக்கிற சம்பளத் தொகையின்மேல் ஒரு பங்கை நகரப் போக்குவரத்துக்குக் கட்ட வேண்டும். தொழிலாளி நேரத்தில் வேலைக்கு வந்தால் லாபம் முதலாளிக்குத்தானே! அப்படியானால் செலவில் அவன் பங்கு எங்கே? இதுதான் அந்த வரியின் நியாயம். நம் நாட்டில் இந்தப் பேச்சை எடுத்தால் "முதலீடு ஓடிவிடும்" என்பார்கள். பிரான்சில் அரை நூற்றாண்டாக ஓடவில்லையே!

மவுண்ட் ரோடும் அவினாசி ரோடும்

இனி நம் நாட்டுக்கு வருவோம். சென்னையில் 2015இல் மெட்ரோ ரயில் வந்தது. 2019 பிப்ரவரியில் மவுண்ட் ரோட்டின் அடியிலே முழுதும் ஓடத் தொடங்கியது. நல்லதுதான்; வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஒரு கோடிப் பேர் நெருங்கி வாழும் பட்டணத்துக்குப் பெரிய ரயில் வேண்டும். ஆனால் மேலே தெரு மாறியதா? தண்டவாளம் கீழே, கார் மேலே. இரண்டாம் கட்டத்துக்கு 118.9 கிலோமீட்டருக்கு 63,246 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். வகுத்துப் பாருங்கள்: கிலோமீட்டருக்கு 500 கோடிக்கு மேல். இந்த விலையில் எத்தனை ஊருக்குப் போட முடியும்?

கோயம்புத்தூரைப் பாருங்கள். அவினாசி ரோடு பஞ்சாலைகளின் ரோடு. சின்னியம்பாளையம் தியாகிகள் நால்வர், 1946இல் தூக்கிலேறிய மில் தொழிலாளிகள், அந்த ரோட்டோரத்து ஊர்க்காரர்கள். இன்று அந்த ரோட்டில் ஆலைச் சங்கு ஊதின இடங்களில் கடைத்தொகுதிகளும், ஆஸ்பத்திரிகளும், கம்ப்யூட்டர் கம்பெனிகளும் எழும்பிவிட்டன. சைக்கிளிலும் நடந்தும் ஷிப்டுக்குப் போன ஜனங்களின் ரோடு, காரில் போகிறவர்களின் ரோடாகிவிட்டது.

அங்கே 2025 அக்டோபரில் 10.1 கிலோமீட்டர் நீளத்துக்கு மேம்பாலம் திறந்தார்கள். செலவு 1,791 கோடி. அடுத்த மாதம், நவம்பரில், கோயம்புத்தூருக்கும் மதுரைக்கும் மாநில சர்க்கார் அனுப்பிய மெட்ரோ திட்டங்களை மத்திய சர்க்கார் திருப்பி அனுப்பியது. 2017 கொள்கைப்படி 20 லட்சம் ஜனத்தொகை வேண்டுமாம்; 2011 கணக்கெடுப்பில் அவ்வளவு இல்லையாம்! ஆக்ராவுக்கு அந்தக் கணக்கெடுப்பில் 20 லட்சம் இருந்ததா? இல்லை. அங்கே 2024 மார்ச்சில் மெட்ரோ ஓடியது. இந்த ஓரவஞ்சனையைத் தமிழ்நாட்டு ஜனங்கள் கண்டித்தது முற்றிலும் நியாயம்.

ஆனால் கண்டித்துவிட்டுச் சும்மா இருந்தால் போதுமா? மெட்ரோ கிடைக்காவிட்டால் ஒன்றுமே கிடையாதா? 2019இல் மத்திய சர்க்காரே "மெட்ரோலைட்" என்று ஒரு முறையை வகுத்து வெளியிட்டது. அது லைட் ரயில்தான். தெருமட்டத்தில் தனிப் பாதையில் ஓடும். மெட்ரோ செலவில் சுமார் 40 சதவீதம்தான் ஆகும் என்றார்கள். காகிதத்தில் வந்தது, தெருவுக்கு ஏன் வரவில்லை? தெருவில் தண்டவாளம் போட்டால் காரின் பாதையைக் குறைக்க வேண்டும். அங்கேதான் கை நடுங்குகிறது!

டெல்லியில் 2008இல் பஸ்ஸுக்கென்று ஒரு சாலையில் தனிப் பாதை விட்டார்கள். "எங்கள் வழியை அடைக்கிறார்கள்" என்று கார்க்காரர்கள் கூச்சல் போட்டார்கள். 2016இல் அதைப் பெயர்த்தெறிந்தார்கள். பஸ்ஸில் போனவன் கூச்சல் போடவில்லை. அவனுக்கு ஸ்தாபனம் இல்லை. இதுதான் பாடம்.

மேம்பாலம் எத்தனை டிக்கெட் கிழித்தது?

"பஸ் நஷ்டம், டிராம் நஷ்டம்" என்று சொல்லுகிறவர்களை நாம் ஒரு கேள்வி கேட்கிறோம். 1,791 கோடி ரூபாய் மேம்பாலம் இதுவரை எத்தனை டிக்கெட் கிழித்தது? எவ்வளவு லாபம் காட்டியது? அதை "நஷ்டத்தில் ஓடும் மேம்பாலம்" என்று யாராவது எழுதினார்களா? கார் போகிற பாலம் என்றால் "வளர்ச்சி". கூலிக்காரன் போகிற பஸ் என்றால் "மானியச் சுமை". ஒரே கஜானா, இரண்டு கணக்குப் புத்தகம்!

2021 மே மாதத்தில் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று தமிழ்நாட்டில் வந்தது. வயல்வேலைக்கும் சித்தாள் வேலைக்கும் போகிற நம் தாய்மார்கள் எவ்வளவு பேர் ஏறினார்கள் என்பதை நீங்களே பார்த்தீர்கள். கையில் மிஞ்சிய காசு வீட்டில் அரிசியாய், பிள்ளைக்கு நோட்டுப் புத்தகமாய் மாறியது. போக்குவரத்து என்பது கூலியின் ஒரு பகுதி, தோழர்களே. பஸ் கட்டணம் ஏறினால் கூலி குறைந்ததென்று அர்த்தம்.

தண்டவாளமும் தூண்டிலாகும்

இவ்வளவு சொன்னதால், டிராம் வந்துவிட்டால் பூலோக சொர்க்கம் என்று நாம் சொல்வதாக நினைக்க வேண்டாம். ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய விஷயங்கள் உண்டு.

எத்தியோப்பியாவின் தலைநகர் அடிஸ் அபாபாவில் 2015இல் லைட் ரயில் ஓடியது. சீனத்துக் கடன். சில வருஷங்களில் உதிரிப்பாகம் வாங்க அந்நியச் செலாவணி இல்லை. பாதிக்கு மேற்பட்ட வண்டிகள் ஷெட்டில் நின்றுபோயின. வண்டி வாங்கினால் போதாது. பழுது பார்க்கிற பட்டறையும், உதிரிப்பாகம் செய்கிற தொழிற்சாலையும், கைதேர்ந்த தொழிலாளியும் நம்மிடம் இருக்க வேண்டும். சென்னை பெரம்பூரில் 1955 முதல் ரயில் பெட்டி செய்கிற பொதுத்துறைத் தொழிற்சாலை இருக்கிறதே, அது எதற்கு இருக்கிறது?

இலங்கையைப் பாருங்கள். கொழும்பில் பழைய டிராம் இருந்தது. 1929இல் அதன் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் பெயர் பெற்றது. அந்த டிராமும் போயிற்று. பிறகு கோட்டையிலிருந்து மாலபே வரை லைட் ரயில் போட 2019இல் ஜப்பானோடு கடன் ஒப்பந்தம் ஆயிற்று. 2020 செப்டம்பரில் அடுத்து வந்த சர்க்கார் அதை ரத்து செய்தது. மேலே இருக்கிறவர்களின் பேனா முனையில் வந்தது, பேனா முனையிலேயே போயிற்று. நடுவில் ஜனங்களை யாரும் கேட்கவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய அபாயம் ஒன்று உண்டு. தண்டவாளம் வருகிற தெருவில் நிலத்தின் விலை ஏறும். வாடகை ஏறும். அப்போது "அழகுபடுத்துகிறோம்" என்று சொல்லிக்கொண்டு நடைபாதை வியாபாரியைத் தூக்குவார்கள், குடிசைக்காரனைத் தூக்குவார்கள். சென்னையில் கூவக்கரையிலும் அடையாற்றங்கரையிலும் இருந்த ஜனங்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் இறக்கினார்களே! வேலை பட்டணத்தின் நடுவில். வீடு பட்டணத்தின் விளிம்பில். ஏழையை ரயிலுக்கு வெகு தூரம் விரட்டிவிட்டு, பணக்காரன் வீட்டு வாசலில் ரயில் விட்டால், அந்த ரயில் யாருக்கு? ஆகவே தண்டவாளம் கேட்கும்போதே, "இருக்கிறவர்களை விரட்டாதே" என்ற கோரிக்கையையும் சேர்த்துக் கேட்க வேண்டும். நிலத்தின் விலை ஜனங்களின் பணத்தால் ஏறுகிறது. ஏறிய விலை நிலக்காரன் பைக்குப் போகக்கூடாது; வரியாகப் பொதுக் கஜானாவுக்குத் திரும்ப வேண்டும்.

நம் மேலகரத்துச் சாலை

இப்போது நம் ஊருக்கு வருகிறோம். மேலகரத்துக்கு டிராம் வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. வருஷம் முழுவதும் மணிக்குப் பத்தாயிரம் பேர் போகிற சாலையல்ல இது. ஊருக்குத் தக்கபடிதான் வண்டி. ஆனால் வாய்க்கால் கணக்கு இங்கேயும் செல்லும்.

ஆனி, ஆடி மாதங்களில் அருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்தவுடன் எத்தனை கார்கள்! குளிக்க வருகிறவர்களை நாம் வெறுக்கவில்லை. அருவி எல்லோருக்கும் பொது. அவர்கள் வருவதால் இங்கே ஓட்டலும் கடையும் நடக்கின்றன. ஆனால் ஆயிரம் பேர் முந்நூறு காரில் வருவதற்கும், ஆயிரம் பேர் இருபது பஸ்ஸில் வருவதற்கும் வித்தியாசம் உண்டா இல்லையா? காருக்கு நடுவில் டவுன் பஸ் மாட்டிக்கொள்கிறது. பிள்ளை பெற வலியெடுத்த பெண்ணை ஏற்றிய வண்டியும் மாட்டிக்கொள்கிறது. களையெடுக்கப் போகிறவள் நேரங்கழித்துப் போனால் அரைநாள் கூலி போயிற்று.

தென்காசியில் 1903ஆம் வருஷத்து ரயில்பாதை இருக்கிறது. திருநெல்வேலிப் பாதையை 2012இல் அகலமாக்கினார்கள். செங்கோட்டைக்கு மேற்கே மலைப்பாதை 2018இல் திறந்தது. சீசன் கூட்டத்தை ரயிலில் கொண்டுவரலாம். காரில் வருகிறவர்கள் தென்காசிக்கு வெளியிலேயே காரை நிறுத்தட்டும். அங்கிருந்து ஐந்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் அருவிக்குப் போகட்டும். சாலையில் ஒரு பாதி பஸ்ஸுக்கும் ஆம்புலன்சுக்கும் மட்டுமென்று சீசன் முடியும்வரை ஒதுக்கட்டும். இதற்குச் சுரங்கம் வேண்டாம், மேம்பாலம் வேண்டாம், ஆயிரம் கோடி வேண்டாம். மனம் வேண்டும், மனம் வரச் செய்யும் ஜனங்களின் ஒற்றுமை வேண்டும். 2019 நவம்பரில் தென்காசி தனி ஜில்லாவாயிற்று. கலெக்டர் ஆபீஸ் இப்போது நம் பக்கத்தில்தான் இருக்கிறது. போய்க் கேட்போம்.

நாம் கேட்பது என்ன?

தோழர்களே! சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறோம்.

ஒன்று: பெரிய நகரங்களின் கடைவீதிகளிலும் தொழில் வட்டாரங்களிலும் பஸ்ஸுக்குத் தனிப் பாதை உடனே வேண்டும். கோயம்புத்தூரிலும் மதுரையிலும் தெருமட்டத்து லைட் ரயிலைத் தனித் தண்டவாளத்தோடு பரிசீலிக்க வேண்டும்.

இரண்டு: அது பொதுச் சொத்தாக இருக்க வேண்டும். ஓட்டுகிறவன், டிக்கெட் கொடுக்கிறவன், தண்டவாளம் துடைக்கிறவன் எல்லோருக்கும் காண்டிராக்ட் அல்லாத நிரந்தர வேலையும் சங்க உரிமையும் வேண்டும்.

மூன்று: செலவைக் கட்டண உயர்வாக ஏழையின் தலையில் கட்டக்கூடாது. பெரிய முதலாளிகளும், நிலவிலை ஏற்றத்தால் கொழுக்கிறவர்களும் பங்கு கட்ட வேண்டும்.

நான்கு: எந்தத் திட்டத்தின் பெயராலும் குடிசைவாசியையும் நடைபாதை வியாபாரியையும் விரட்டக்கூடாது.

ஐந்து: தென்காசி–குற்றாலம் சாலையில் சீசன் காலத்துக்குப் பொதுப் பஸ் ஏற்பாடும், வெளியில் கார் நிறுத்தமும் அடுத்த சாரலுக்குள் வர வேண்டும்.

சென்னை டிராம் நின்ற அன்று அதற்காக நிற்க ஆளில்லை. கல்கத்தாவில் காலணாவுக்காக ஒரு நகரமே நின்றது. கடைமடைக்காரர்கள் ஒன்றுகூடி மண்வெட்டியோடு கரையில் போய் நின்றால்தான் தலைமடைக்காரன் மடையை அடைப்பான் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பட்டணத்தில் கடைச் சிப்பந்தியும் பஸ் தொழிலாளியும், இங்கே வயல் தொழிலாளியும் மில் தொழிலாளியும் கைகோத்தால் தெருவிலும் முறை வரும். பட்டணத்திலிருக்கும் உங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் கோரிக்கைகளைச் சொல்லுங்கள். மேலகரத்துக் கோரிக்கைக்கு மனு தயாராகிறது. கையெழுத்து வாங்க நம் தோழர்கள் வீடு வீடாக வருவார்கள். திண்ணையில் உட்கார வைத்துப் பேசுங்கள். சரியென்று பட்டால் கையெழுத்துப் போடுங்கள்.